மூவின்மைப் புற்று

பொருள்களுக்குப் பெயரிடும் முறையை இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் பற்றி வருவது காரணப் பெயர். காரணம் கருதாது வழங்குவது இடுகுறிப் பெயர். நோய்களின் பெயர்களுட் பல காரணம் பற்றியே எழுந்தவை. நீரிழிவு, மஞ்சட்காமாலை, யானைக்கால் என்பன யாவும் நோயாளியிடத்துக் காணப்படும் ஒன்றைக் கருதி இடப்பட்டன. ஆயின் இக்காலத்து மருத்துவ நூல்களில் ஒரு நோய்க்கு வழங்கும் பெயர் இவற்றினும் வேறுபட்டது. அந்நோயிடத்து உள்ள ஒன்றைக் கூறாது, இல்லாத மூன்றைக் கூறுவது அப்பெயர். மார்பகப் புற்றுநோயின் வகைகளுள் மிகக் கடியவற்றுள் ஒன்றாகிய ‘டிரிபிள் நெகட்டிவ்’ புற்றே அது.

இதனைத் தமிழில் எங்ஙனம் வழங்குவது? ‘மும்மறை’ எனின் வேதத்தைக் குறித்ததோ என மயங்க இடமுண்டு. ‘மறுதலை’ என்னும் சொல்லும் பொருந்தாது. எதிர்மறைப் பொருளை இன்மை, அன்மை, மறுதலை என மூவகையாகப் பிரித்துணர்ந்தனர் நம் முன்னோர். ஒரு பொருள் இல்லாமை இன்மை. ஒன்று பிறிதொன்று ஆகாமை அன்மை. ஒன்றற்கு நேர்மாறாய் நிற்றல் மறுதலை. இந்நோயிடத்து நிகழ்வது இன்மையே. ஆதலின் ‘மூவின்மைப் புற்று’ என்னும் பெயரை இக்கட்டுரையில் ஆளுவாம்.

பெயராராய்ச்சியோடு நின்றுவிடுதற்குரிய செய்தியன்று இது. மருத்துவச்சாலையிலிருந்து வரும் சோதனைத் தாளில் ‘நெகட்டிவ்’ என்னும் சொல்லைக் காணின் நம் மக்கள் மகிழ்வர். நோய் இல்லை என்பதே அச்சொல்லுக்கு அவர் அறிந்த பொருள். காச நோய்க்குச் சளியைச் சோதித்த தாளில் அப்பொருள் பெரும்பாலும் பொருந்தும். மார்பகக் கட்டியைச் சோதித்த தாளிலோ அச்சொல் மும்முறை வருமாயின், அது ஆறுதற்குரிய செய்தியன்று. விரைந்து செயற்படுக என்னும் எச்சரிக்கையாம். இனி, அதன் பொருளை அரைகுறையாகக் கேட்டறிந்த சிலரோ, மருந்தே இல்லாத நோய் இதுவெனக் கருதி ஊக்கம் இழப்பர். முன்னது பொய்யான ஆறுதல். பின்னது பொய்யான அச்சம். இரண்டும் உயிருக்குக் கேடு விளைப்பன. இவ்விரண்டையும் நீக்குதற்கு வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறுதலே ஈண்டு எடுத்துக்கொண்ட பணியாகும்.

புற்றின் பொது இயல்பு

நம் உடம்பு எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. ஒவ்வோர் உயிரணுவும் வேண்டிய காலத்துப் பிரிந்து பெருகும். வேண்டாத காலத்து அடங்கி நிற்கும். திருத்த இயலாதவாறு பழுதுற்ற காலத்துத் தானே மாயும். இவ்வொழுங்கினைக் காப்பன அவ்வணுவின் உட்கருவில் அமைந்த மரபணுக்கள். அவற்றுட் சில கெடுமாயின் அவ்வணு அடக்கம் இழந்து பெருகும். அண்டையிலுள்ள தசையினுள் ஊடுருவும். குருதி வழியும் நிணநீர் வழியும் பிற உறுப்புக்களை அடைந்து ஆண்டும் குடியேறும். இதுவே புற்று.

மார்பகத்திற் பால் சுரக்கும் நுண்ணறைகளும், அப்பாலைக் காம்பிற்குக் கொண்டு செல்லும் குழாய்களும் உள்ளன. அக்குழாய்களின் சுவர் ஈரடுக்கானது. உள்ளடுக்கில் உள்ளவை சுரக்கும் இயல்புடைய அணுக்களோடு ஓரினமானவை; வெளியடுக்கில் உள்ளவை சுருங்கிப் பாலை வெளியே செலுத்தும் இயல்புடையவை. மார்பகப் புற்றுக்கள் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே தோன்றுகின்றன. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 23 லட்சம் பெண்களிடத்து இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. அவ்வாண்டில் இதனால் இறந்தோர் ஏறத்தாழ 6,70,000 பேர். ஆடவர்க்கும் இந்நோய் அரிதாக வருதல் உண்டு. ஒரே பெயரால் வழங்கப்படினும் இது ஒரே நோயன்று. உறுப்பு ஒன்றாயினும் இயல்பு பலவாகும். அவ்வேறுபாட்டினை அறிந்த வரலாறு கற்கத் தக்கது.

மூன்று வாயில்கள்

ஸ்காத்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகங்களை நீக்கிவிடின் அது நெடுங்காலம் பால் சுரக்கும் என்பது சில நாட்டு உழவர்தம் பட்டறிவு. இதனை அறிந்த பீட்சன், சூலகத்திற்கும் மார்பகத்திற்கும் நம் கண்ணுக்குப் புலனாகாத ஓர் உறவு உண்டெனத் துணிந்தார். முற்றிய மார்பகப் புற்றுடைய பெண்களுக்குச் சூலகங்களை அகற்றிப் பார்த்தார்; கட்டி சுருங்கியது. இதனை 1896ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். அவரைப் பின்பற்றிய பிற மருத்துவர்கள் கண்டது யாதெனின், இவ்வறுவையாற் பயன் பெற்றோர் மூவருள் ஏறத்தாழ ஒருவரே என்பது. ஏனையோர்க்கு ஏன் பயனில்லை? இவ்வினாவிற்கு விடை அறுபது ஆண்டு கழித்தே கிடைத்தது.

1950களின் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் என்பார், சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் ஹார்மோனைக் கதிரியக்கப் பொருளால் அடையாளமிட்டு, அது உடம்பினுள் எங்குச் சென்று தங்குகின்றது என்று தேடினார். குறித்த சில உறுப்புக்களின் அணுக்களில் மட்டுமே அது தங்கியது. அவ்வணுக்களில் அதனைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதனை ‘ஏற்பி’ என்பர். ஹார்மோன் தூதன் எனின், ஏற்பி அத்தூதனை உட்கொள்ளும் வாயில். அவ்வாயில் உள்ள புற்றணு ஹார்மோனின் ஏவலால் வளரும். ஏவலைத் தடுப்பின் தளரும். பீட்சனின் அறுவையாற் பயன் பெற்றோர் அவ்வாயிலுடைய புற்றைக் கொண்டிருந்தோரே. இவ்வாயிலை அடைக்கும் தாமாக்சிபென் என்னும் மாத்திரைக்கு 1977இல் அமெரிக்காவின் உணவு மருந்து ஆணையம் ஒப்புதல் அளித்தது. அன்றுமுதல் இன்றுவரை அஃது எண்ணற்ற பெண்களைக் காத்து வருகின்றது.

இரண்டாம் வாயில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஏற்பது. ஈஸ்ட்ரோஜெனின் ஏவலாலேயே இவ்வேற்பி அணுவினுள் ஆக்கப்படுகின்றது. ஆதலின் இஃது இருப்பது முதல் வாயில் செவ்வனே இயங்குகின்றது என்பதற்குச் சான்றாகும். மார்பகப் புற்றுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 ஹார்மோன் வாயிலுடையன.

மூன்றாவது ‘ஹெர்-2’ எனப்படுவது. இஃது அணுவின் மேற்புறத்தே நின்று, வளர்க என்னும் செய்தியை உள்ளே செலுத்தும். இயல்பான அணுவில் இதற்குரிய மரபணுப் படி இரண்டே. சில புற்றுக்களில் அப்படிகள் பலவாகப் பெருகி, அணுவின் மேற்புறம் முழுதும் இவ்வேற்பிகள் நெருங்கி நிற்கும். இத்தகைய நோயுடையோர்க்கு நோய் விரைவில் மீளும் என்பதனை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் என்பாரும் அவர்தம் துணைவரும் காட்டினர். அக்காலத்து மிகக் கொடிதெனக் கருதப்பட்ட வகை இதுவே. ஆயின் அந்த ஏற்பியையே குறிவைத்துப் பற்றும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998இல் ஒப்புதல் பெற்றது. நோயின் போக்கே மாறியது. கேட்டிற்குக் காரணமாயிருந்ததே மருந்துக்கு இலக்குமாயிற்று. இச்செய்தியை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இன்மையை அறியும் முறை

மார்பகக் கட்டியிலிருந்து ஊசி வழியாகச் சிறு துணுக்கை எடுத்தல் பயாப்ஸி எனப்படும். அத்துணுக்கை மெழுகிற் பதித்து, மெல்லிய தகடுகளாக அரிந்து, மேற்கூறிய ஒவ்வோர் ஏற்பியையும் தனித்தனியே பற்றும் பொருள்களை அத்தகடுகளின் மீது இடுவர். ஏற்பி உளதாயின் அவ்விடம் பழுப்பு நிறம் கொள்ளும், இலதாயின் கொள்ளாது. மூன்று சோதனையிலும் நிறம் தோன்றாத புற்றே மூவின்மைப் புற்றாம். உலகளவில் மார்பகப் புற்றுக்களுள் நூற்றுக்கு 10 முதல் 15 வரை இவ்வகையைச் சார்ந்தன.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. ‘இல்லை’ என்பது முற்றிலும் இல்லை என்னும் பொருட்டன்று; குறித்த அளவிற் குறைந்தது என்பதே பொருள். ஹார்மோன் ஏற்பியுடைய அணுக்கள் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தால் ‘இல்லை’ என எழுதுவர். ஹெர்-2 சோதனையை 0, 1, 2, 3 எனப் படிப்படியாக மதிப்பிடுவர். 0, 1 எனின் இல்லை என்பர். 3 எனின் உண்டு என்பர். 2 எனின் மரபணுப் படிகளையே எண்ணிப் பார்க்கும் மற்றொரு சோதனை செய்தாலன்றி முடிவு கூறார். ஆகவே, சோதனை முற்றுப் பெறாத தாளை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தவறு.

மூவின்மை என்பது நாம் இட்ட மூன்று சாயங்களுக்குப் புலப்படாமை ஒன்றே. இருட்டறையில் மூன்று விளக்குகள் காட்டாத பொருளை இல்பொருள் என்றல் ஆகுமோ? 2000ஆம் ஆண்டில் சார்லஸ் பெரூ முதலியோர் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் இயக்கத்தை ஒருங்கே அளந்து, மார்பகப் புற்றுக்களைப் புதிதாக வகைப்படுத்தினர். மூவின்மைப் புற்றுக்களுட் பெரும்பாலன, குழாய்ச் சுவரின் வெளியடுக்கு அணுக்களை ஒத்த புரதங்களை உடையனவாகக் காணப்பட்டன. எனவே அவற்றை ‘அடியடுக்கு போன்ற புற்று’ என்றனர். ஆயின் ஒத்த சாயல் கொண்டு பிறப்பினைத் துணிதல் அரிது. இவற்றுட் பல உண்மையில் உள்ளடுக்கிற்குரிய இளம் அணுக்களிலிருந்து தோன்றுதல் கூடும் என 2009இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் காட்டினர். பின்னர் 2011இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவின்மைப் புற்றினையே ஆறு உட்பிரிவாகப் பகுத்தனர். மேலும் ஆராய்ந்து 2016இல் அவற்றை நான்காகச் சுருக்கினர். ஒரே இன்மைப் பெயரின் கீழ்ப் பல உண்மைகள் மறைந்து கிடக்கின்றன என்பது இவற்றால் விளங்கும்.

விரைவும் கடுமையும்

இந்நோயின் தலையாய இயல்பு விரைவு. அணுக்கள் கடிது பிரிந்து பெருகும். பழுதுற்ற அணுவை நிறுத்தியோ மாய்த்தோ உடம்பைக் காக்கும் ‘பி-53’ என்னும் மரபணு, அடியடுக்கு போன்ற புற்றுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 80இற் கெட்டிருத்தலை 2012இல் வெளிவந்த ஒரு பேராய்வு காட்டியது. காவலன் வீழ்ந்த ஊரிற் கள்வர்க்குத் தடையேது?

இவ்விரைவினால் விளைவன மூன்று. முதலாவது, ஓராண்டு மாமோகிராம் எடுத்துக் கட்டியில்லை எனத் தெளிந்தவர்க்கும், அடுத்த முறை எடுத்தற்கு முன் இடைக்காலத்தே கட்டி தோன்றுதல் உண்டு. இரண்டாவது, இதன் விளிம்பு சில வேளை வழவழப்பாயும் உருண்டையாயும் இருத்தலின், இளம் பெண்களுக்கு இயல்பாக வரும் தீங்கற்ற கட்டி போன்று தோன்றி ஏமாற்றும். மூன்றாவது, பரவுங்கால் எலும்பினும் நுரையீரல், மூளை, கல்லீரல் ஆகிய உள்ளுறுப்புக்களையே மிகுதியாக நாடும்.

40 வயதிற்கு உட்பட்ட பெண்களிடத்தும், ஆப்பிரிக்க மரபினராகிய பெண்களிடத்தும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. இளமை ஒரு காப்பு என எண்ணுதல் இந்நோயைப் பொறுத்தவரையிற் பொருந்தாது.

ஆயினும் விரைவிலும் ஒரு நன்மை உண்டு. ஹார்மோன் வாயிலுடைய புற்று பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் மீளுதல் கூடும். மூவின்மைப் புற்றோ மீளுவதாயின் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளிலேயே மீளும். ஐந்தாண்டு கடந்தபின் அவ்வச்சம் மிகக் குறைந்துவிடும். 2007இல் கனடா நாட்டுத் தொராந்தோ நகரில் 1,601 நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்தோர் இதனைத் தெளிவுறக் காட்டினர். முதலாண்டுகளின் இடர்மிக்க வழியைக் கடந்தவர் பின்னர் மனவமைதியோடு வாழலாம்.

ஏடும் திருத்துவோரும்

இனி, இந்நோய் குலவழியாக வருதல் பற்றிக் கூறுவாம். இதனை விளக்கத் தமிழ் மாணவர் நன்கறிந்த உவமையொன்று துணை செய்யும்.

உயிரணு ஒவ்வொன்றினுள்ளும் டி.என்.ஏ. என்னும் நெடுஞ்சுவடி ஒன்று உண்டு. அணு பிரியுந்தோறும் அச்சுவடி படியெடுக்கப்படும். படியெடுக்குங்கால் எழுத்துப் பிழை நேரும். சில வேளை ஏடே இரண்டாக முறியும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்கு முன் எவ்வாறு பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஒரு பிரதியிற் சிதைந்த இடத்தை மற்றொரு பிரதியைக் கொண்டு நிரப்புதலே செம்மையான முறை. உயிரணுவும் இவ்வாறே செய்கின்றது. முறிந்த ஏட்டினை, உடனிருக்கும் மற்றொரு படியோடு ஒப்பிட்டுப் பிழையின்றிப் பொருத்தும் புலவர் கூட்டத்துள் தலைமையானவை ‘பிராக்கா-1’, ‘பிராக்கா-2’ என்னும் மரபணுக்களால் ஆகும் புரதங்கள். இவை இல்லையெனின் முறிந்த முனைகளைக் கண்டபடி ஒட்டிவிடுவோரே எஞ்சுவர், எழுத்துக்கள் உதிரும், பிழை மலியும், நாளடைவிற் புற்று தோன்றும்.

பிராக்கா-1 மரபணு பதினேழாம் குரோமோசோமில் உளது என்பதை 1990இல் மேரி கிளேர் கிங் என்னும் அம்மையார் காட்டினார். 1994இல் அம்மரபணு தனித்துப் பிரித்தறியப்பட்டது. இதன் பழுதுற்ற படியைப் பிறப்பிலேயே பெற்ற பெண்களுள் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் தம் வாழ்நாளில் மார்பகப் புற்றினை அடைகின்றனர். அங்ஙனம் தோன்றும் புற்றுக்களுட் பெரும்பாலன மூவின்மை வகையே. பழுதுற்ற படியைத் தாய் மட்டுமன்றித் தந்தையும் மக்களுக்கு அளிக்கக் கூடும். ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி ஒவ்வொரு குழந்தைக்கும் அதனைப் பெறும் வாய்ப்புச் சரிபாதி. எனவே குடும்ப வரலாறு கேட்கும் மருத்துவரிடம் தாய்வழியை மட்டும் கூறி, அத்தை, தந்தையின் தாய் ஆகியோரை விட்டுவிடுதல் பெருந்தவறு.

இன்மையுள் உள்ளவை

வாயில் மூன்றும் இல்லாமையால், தாமாக்சிபென் முதலிய மாத்திரையும் டிராஸ்டுசுமாப்பும் இந்நோய்க்குப் பயன்படா. இதுகொண்டே ‘மருந்தில்லாத நோய்’ என்னும் தவறான எண்ணம் பரவியது. உண்மை வேறு.

முதற்கண், கீமோதெரபி என்னும் மருந்து மருத்துவம் விரைந்து பிரியும் அணுக்களையே மிகுதியாகத் தாக்குவது. ஆதலின் நோயின் விரைவே அம்மருந்துக்கு வாய்ப்பாகின்றது. மூவின்மைப் புற்று, ஹார்மோன் வாயிலுடைய புற்றினும் இம்மருந்துக்கு எளிதில் இணங்கும்; ஆயினும் மொத்தத்தில் அதனினும் மிகுதியான உயிர்களைக் கொள்ளும். இம்முரணுக்கு விடை யாது? மருந்தால் முற்றிலும் கரைந்தோர் நெடிது வாழ்கின்றனர். எச்சம் நின்றோர்க்கே நோய் விரைந்து மீளுகின்றது. இவ்வுண்மை மருத்துவ முறையையே மாற்றியது. முன்னெல்லாம் முதலில் அறுவை, பின்னர் மருந்து என்பது வழக்கு. இக்காலத்துக் கட்டி இரண்டு சென்டிமீட்டர் அளவினதாயினும் அக்குளின் நிணக்கணுக்களிற் பரவியதாயினும், முதலில் மருந்து கொடுத்துப் பின்னரே அறுவை செய்கின்றனர். எச்சம் உண்டா இல்லையா என்பதை அறுவையின்போது கண்டு, மேற்கொண்டு மருந்து வேண்டுமா எனத் துணிகின்றனர். எச்சம் நின்றோர்க்குக் காபசிட்டபைன் என்னும் மாத்திரை உதவும் என்பதை ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இரண்டாவதாக, பிராக்காப் பழுதுடையோர்க்கு அப்பழுதே மருந்தின் இலக்காயிற்று. ஏட்டின் பெருமுறிவைத் திருத்துவோர் பிராக்கா எனின், சிறு கீறல்களைத் திருத்துவோர் ‘பார்ப்’ என்னும் வேறு சில புரதங்கள். பிராக்கா இல்லாத புற்றணு பார்ப்பினையே பெரிதும் நம்பி வாழும். அதனையும் மருந்தினால் தடுத்துவிடின், இரு ஊன்றுகோலையும் இழந்த அவ்வணு மாயும். பிராக்காவின் நல்ல படியொன்று எஞ்சியுள்ள இயல்பான அணுக்களோ பிழைக்கும். 2005இல் இரு குழுவினர் இக்கருத்தை ஒருங்கே வெளியிட்டனர். அதன் பயனாய் எழுந்த ஓலாபரிப் என்னும் மாத்திரை, பிராக்காப் பழுதோடு பிறந்து பரவிய மார்பகப் புற்றினை அடைந்தோர்க்கு 2018இலும், தொடக்க நிலையில் இடர் மிகுந்தோர்க்கு 2022இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மூன்றாவதாக, இப்புற்றினுள் நோயெதிர்க்கும் வெள்ளணுக்கள் பிற வகைகளினும் மிகுதியாகக் குழுமி நிற்கும். ஆயின் புற்றணு அவ்வெள்ளணுக்களின் மேலுள்ள ‘பி.டி.-1’ என்னும் கடிவாளத்தைப் பற்றி அவற்றைச் செயலற்றவையாக்கும். அக்கடிவாளத்தை விடுவிக்கும் மருந்து பெம்ப்ரோலிசுமாப். தொடக்க நிலையில் இடர் மிகுந்த மூவின்மைப் புற்றுடைய 1,174 பேரிடத்து இம்மருந்தைக் கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தனர். ஐந்தாண்டு கழித்து உயிரோடிருந்தோர், இம்மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 86.6, பெறாதவருள் 81.7. இவ்வகை நோய்க்கு இதன் ஒப்புதல் 2021இல் வந்தது. எல்லா முயற்சியும் இங்ஙனம் வென்றதில்லை. இதனோடொத்த மற்றொரு மருந்தாகிய அடெசோலிசுமாப், பரவிய மூவின்மைப் புற்றுக்கு 2019இல் அமெரிக்காவில் இடைக்கால ஒப்புதல் பெற்றும், பின்வந்த ஆய்வு துணைநில்லாமையால் 2021இல் ஆண்டு அப்பயன்பாட்டினின்று விலக்கப்பட்டது. தன் முடிபைத் தானே மறுத்துத் திருத்திக்கொள்ளுதல் அறிவியலுக்கு இழுக்கன்று, பெருமையேயாம்.

நான்காவதாக, ‘டிராப்-2’ என்னும் புரதம் இப்புற்றணுக்கள் பெரும்பாலானவற்றின் மேற்புறத்து நிற்றலை அறிந்து, அதனைப் பற்றும் பொருளோடு நஞ்சினைப் பிணைத்து அணுவினுட் செலுத்தும் சாசிடுசுமாப் கோவிடெகான் என்னும் மருந்தை ஆக்கினர். முன் மருந்துகளுக்கு அடங்காது பரவிய நோயுடையோரின் நடுத்தர வாழ்நாள் 6.7 மாதங்களிலிருந்து 12.1 மாதங்களாக இதனால் நீண்டது. சில திங்களே எனச் சிலர் இகழலாம். மகளின் தேர்வு முடிவைக் காணவோ பேரக் குழந்தையை ஏந்தவோ காத்திருக்கும் ஒரு தாய்க்கு அத்திங்கள்கள் சிறியன அல்ல.

இந்நான்கினையும் நோக்குமின். விரைவு, பிராக்காப் பழுது, வெள்ளணுக்களின் கூட்டம், டிராப்-2 என்பன யாவும் இன்மைகள் அல்ல, இந்நோயிடத்து உள்ளவை. இல்லாத மூன்றை எண்ணியிருந்த காலத்து மருத்துவர் கை ஓய்ந்திருந்தது. உள்ளது யாது என வினவத் தொடங்கியபோது வழி பிறந்தது. ஹெர்-2 புற்றின் வரலாறும் இதுவேயன்றோ?

நம் நாட்டு நிலை

இந்தியாவில் நிகழ்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்டோர், நம் நாட்டு மார்பகப் புற்றுக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 மூவின்மை வகையெனக் கணித்துள்ளனர். மேல்நாட்டாரினும் ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே நம் பெண்கள் இந்நோயை அடைதலும் நோக்கத்தக்கது. ஆகவே நமக்கு இந்நோய் அயலார் செய்தியன்று.

புதிய மருந்துகள் பல லட்சம் ரூபாய் விலையுள்ளன. விலை குறைந்த பழைய மருந்துகொண்டு ஆவது உண்டோ என ஆராய்ந்தது மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை. கார்போபிளாட்டின் என்னும் மருந்தை வழக்கமான சிகிச்சையோடு வாரந்தோறும் சேர்த்து 720 மூவின்மை நோயாளிகளிடம் நிகழ்த்திய ஆய்வின் முடிபை 2022இல் அறிவித்தனர். 50 வயதிற்கு மேற்படாத பெண்களுக்கு அது நற்பயன் அளித்தது. ஏழை நாட்டின் வினாவிற்கு அந்நாட்டாரே விடை கண்ட இச்செயல் போற்றத்தக்கது. தமிழ்நாட்டிலோ, 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இடையறா முயற்சியால் 1954இற் சென்னை அடையாற்றில் எழுந்த புற்றுநோய் நிலையம் இன்றும் எளியோர்க்குப் புகலிடமாய் நிற்கின்றது.

இத்துணை வசதி இருந்தும் நம்மிடையே உயிர்கள் வீணாவது பெரும்பாலும் காலத்தாழ்வினால். மார்பகக் கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியின்மையை நோயின்மை எனக் கொள்ளுதல் நம் இல்லங்களில் உள்ள மற்றொரு மயக்கம். பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டது எனவும், இளம் பெண்ணுக்கு வயதுக் கோளாறு எனவும் கூறி மாதங்களைக் கழிப்பர். வெட்கத்தால் மறைப்பாரும் உளர். திங்கள் தோறும் வளரும் நோய்க்கு இத்தாழ்வு பெரும் வாய்ப்பாகும். புதிய கட்டியொன்று தென்படின், வயது எதுவாயினும், வலி இல்லையாயினும், சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். கட்டி வழவழப்பாய் உளது என்பது கொண்டு அமையாது, ஐயம் நீங்கும்வரை சோதித்தல் வேண்டும். சோதனைத் தாளில் மூன்று ஏற்பிகளைப் பற்றிய முடிபும் முழுமையாக உளதா எனக் கேட்டல் வேண்டும். மூவின்மை எனின், பிராக்காச் சோதனை வேண்டுமா என வினவல் வேண்டும். அதன் விடை நோயாளிக்கு மட்டுமன்றி அவர்தம் உடன்பிறந்தார்க்கும் மக்களுக்கும் பயன்படும். தொடங்கிய மருத்துவத்தை முடி உதிர்வுக்கும் சோர்வுக்கும் அஞ்சி இடையில் நிறுத்தலாகாது.

முடிவுரை

தமிழ் கற்பார்க்கு இதில் என்ன பணி எனின், ஒரு சிறு பணி உண்டு. மருத்துவர் சொல்வது மருத்துவரின் மொழி; இல்லத்தில் தாயும் பாட்டியும் கேட்டறிவது வேறு மொழி. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு சொல் தடுமாறி வீழின் ஓர் உயிர் வீழ்தலும் கூடும். நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் கையில் அத்தகைய தாள் இருக்குமாயின், அதிலுள்ள ‘நெகட்டிவ்’ என்னும் சொல்லின் பொருளை அவர்க்கு நல்ல தமிழில் எடுத்துரைத்தல் நாம் செய்யத்தக்க உதவி. ‘நோய் இல்லை என்பது இதன் பொருளன்று, மருந்து இல்லை என்பதும் இதன் பொருளன்று, காலந் தாழ்த்தாதே என்பதே பொருள்’ என அவர்க்குக் கூறுவோமாக. கூறியதோடு அமையாது, அவரோடு மருத்துவச்சாலைவரை உடன் செல்வோமாக.